மூன்றாவது நொடியில் மரணம்

எனக்குப் பயம் வந்தால் வாய் சும்மா இருக்காது. சிலருக்கு வியர்க்கும், சிலருக்கு வயிற்றைக் கலக்கும், எனக்கு ஜோக் வரும். அன்றைக்குக் கல்கத்தா நியூ டவுனில் ஒரு பத்தாவது மாடியில் நான் அடித்த ஜோக்குகளை எண்ணினால் எவ்வளவு பயந்திருந்தேன் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். கடைசி ஒரு மணி நேரத்தில் ஒன்றுகூட வரவில்லை. அது வேறு வகைப் பயம்.

நான் சிபி. பவானிக்காரன். கம்ப்யூட்டர் வேலைக்காகக் கல்கத்தா வந்தேன், எட்டே மாதத்தில் கம்பெனியை மூடிவிட்டார்கள். ஊருக்குத் திரும்ப வெட்கப்பட்டுக்கொண்டு, லேக் கார்டன்ஸில் துப்பறியும் அலுவலகம் வைத்திருக்கும் வசுந்தராவிடம் சேர்ந்தேன். தெருவே அவரைத் தீதி, அதாவது அக்கா, என்று கூப்பிடுகிறது, நானும் அப்படியே. அதற்கு முன் இருபது வருடம் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இருந்தவர். செத்துப்போனதாகச் சான்றிதழ் வந்த பதினேழு பேரை உயிரோடு பிடித்துக் கொடுத்திருக்கிறார். ஆகவே, யாராவது எதையாவது செத்துவிட்டது என்று சொன்னால் அவர் உடனே நம்பமாட்டார்.

துர்கா பூஜை முடிந்த மறுநாள் காலை. வழியெல்லாம் பந்தல் பிரித்த மூங்கில் அடுக்கிக் கிடந்தது. எங்களை அழைத்த ஸ்ரீநிவாஸ் தன் அலுவலக வாசலிலேயே நின்று வரவேற்றார். நாற்பது வயதிருக்கும். கசங்காத வெள்ளைச் சட்டை, நெற்றியில் சின்னக் குங்குமம், தூங்காத கண்கள்.

"என் வொய்ஃப் மஹிமாவ நேத்து சாயங்காலத்துலேர்ந்து காணோம் மேடம். கூட அஞ்சு வயசுப் பொண்ணு."

"நேத்து தசமியாச்சே. எங்க போனா?" என்றார் தீதி.

"பக்கத்துப் பந்தல்ல பொம்பளைங்க குங்குமம் பூசி விளையாடற சிந்தூர் கேலா பாக்கப் போறேன்னா. திரும்பி வரல."

"போலீஸ்ல சொன்னேளா?"

"வேண்டாம் மேடம். குடும்ப விஷயம், வெளியில போனா அசிங்கம். அதுவுமில்லாம, அவ எங்க இருக்கான்னு சொல்ற மெஷின் என்கிட்டயே இருக்கு. அதுதான் செத்துக் கிடக்கு. உங்க அசிஸ்டென்ட் கம்ப்யூட்டர் தெரிஞ்சவர்னு சொன்னாங்க. அத எழுப்பிக் குடுத்தா போதும்."

மெஷின் என்று அவர் சொன்னது 'வழித்துணை' என்ற செயலியை. வேலை முடிந்து வாடகைக் காரில் வீடு திரும்பும் பெண்களுக்கானது. ஆறு கம்பெனிகள், இருநூற்றுச் சொச்சம் பெண்கள். ஒவ்வொருவரும் வரைபடத்தில் ஒரு புள்ளியாகத் தெரிவார்கள். வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்களா என்று இங்கே இருந்தபடியே பார்க்கலாம். மஹிமாவின் ஃபோனிலும் அது இருந்ததாம்.

"அவ எங்கயாவது வேலைக்குப் போறாளா?" என்று தீதி கேட்டார்.

"இல்ல மேடம். பாதுகாப்புக்கு."

"எப்போலேர்ந்து ஓடல?"

"காலைல ஆபீஸ் தொறந்தப்பதான் பாத்தோம். நவமிக்கு எல்லா மெஷினையும் பூஜைல வெச்சுட்டோம். இந்த ஊர்ல பாதிப் பேருக்கு ஆயுத பூஜைன்னாலே தெரியாது. ஆனா என் ஆபீஸ்ல அன்னிக்கு ஒரு பென்சிலைக்கூட யாரும் தொடக்கூடாது. நானும் தொடமாட்டேன்."

சுற்றிப் பார்த்தேன். மேஜைகளில் வரிசையாக லேப்டாப்புகள், ஒவ்வொன்றின் முதுகிலும் மூன்று சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம். பிரிண்டருக்கு மாலையே போட்டிருந்தது. "கல்யாணக் களை வந்துடுச்சுங்க அதுக்கு," என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

அந்த அறையில் வேறு ஒரே ஒரு ஆள்தான் இருந்தாள். சாய்பிரியா, இருபத்தாறு வயது, கும்பகோணத்துப் பெண். வழித்துணையை எழுதியவளே அவள்தான். சுவரோடு ஒட்டி நின்று, ஒரு கையால் இன்னொரு கையின் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"இந்தம்மா ரெண்டு மணி நேரமா ஒண்ணும் கிழிக்கல," என்றார் ஸ்ரீநிவாஸ். குரல் உயரவே இல்லை. ஆனாலும் அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள்.

நான் உட்கார்ந்தேன்.

இந்தக் காலத்தில் செயலியை அப்படியே வெறுமனே ஓட விடுவதில்லை. அதற்கு வேண்டிய சாமான்களை எல்லாம் அதோடு சேர்த்து ஒரே பெட்டியில் போட்டு மூடிவிடுவார்கள். கன்டெய்னர் என்று பெயர். எந்த ஊர் செர்வரில் வைத்தாலும் திறந்தவுடன் ஓடவேண்டும், கட்டுசாதம் மாதிரி. இந்தப் பெட்டி திறந்தது, ஆனால் ஓடவில்லை.

தொடங்கும் கட்டளையைக் கொடுத்தேன். ஒன்று. இரண்டு. மூன்று. நின்றுவிட்டது. மறுபடி கொடுத்தேன். மூன்றாவது நொடியில் மறுபடி மரணம்.

"மெமரி பத்தலைங்க," என்றாள் சாய்பிரியா. "புது செர்வர் வாங்கணும். ரெண்டு நாளாவது ஆகும்."

"பாக்கலாங்க."

கன்டெய்னர் சாகும்போது ஒரு எண்ணைச் சொல்லிவிட்டுத்தான் சாகும். அதுதான் அதன் மரண வாக்குமூலம். வழியில் ஏதோ உடைந்து விழுந்தால் ஒன்று. மெமரி போதாமல் செர்வரே கழுத்தைப் பிடித்துத் தள்ளினால் நூற்று முப்பத்தேழு. எதுவுமே கெடாமல், என் வேலை முடிந்தது, நான் வருகிறேன் என்று தானாகப் போனால் பூஜ்யம்.

இங்கே பூஜ்யம் இருந்தது.

"தீதி, இது கொலையும் இல்ல, விபத்தும் இல்லைங்க. பென்ஷன் வாங்கிட்டு வீட்டுக்குப் போயிருக்குது." பிறகு சாய்பிரியா பக்கம் திரும்பினேன். "மெமரி பத்தலைன்னா நூத்தி முப்பத்தேழு வரணுமேங்க? இந்த ஆபீஸ்லயே இதெல்லாம் தெரிஞ்சவங்க நீங்க ஒருத்தர்தான். அப்புறம் ஏன் பொய் சொல்றீங்க?"

அவள் தீதியைப் பார்த்து, "மேடம், ஒரு நிமிஷம் வெளியில வரீங்களா? தனியா பேசணும்," என்றாள்.

"எதுவா இருந்தாலும் இங்கயே சொல்லு," என்றார் ஸ்ரீநிவாஸ். மிகவும் மெதுவாக.

"ஒண்ணுமில்ல சார்."

தீதி என் நாற்காலி அருகே குனிந்தார். "அந்தப் பொண்ணு ரொம்ப பயந்திருக்கா. ஆஸ்தே சிபி, மெதுவா போ. யாரைப் பாத்துப் பயப்படறாள்னு எனக்குத் தெரியணும்."

"திருடன் போலீஸைப் பாத்தா பயப்படத்தானே செய்வான் தீதி?" என்றேன். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். நான் அன்றைக்குக் கையாலும் கெட்டேன்.

ஏனென்றால் அதற்குள் எனக்கு விடை கிடைத்துவிட்டது. பெட்டி திறந்தவுடன் செய்யவேண்டியவை வரிசையாக எழுதப்பட்ட ஒரு சின்னக் குறிப்பு உள்ளே இருக்கும். அதைப் படித்தேன். முதல் வேலை: பக்கத்தில் 'பூஜை' என்ற பெயரில் ஒரு ஃபைல் இருக்கிறதா என்று பார். இருந்தால், எதுவும் செய்யாமல் நிம்மதியாகப் போய்விடு.

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. பென்சிலைக்கூடத் தொடக்கூடாது என்று உத்தரவு போடும் முதலாளி. கண்ணுக்குத் தெரியாத செர்வருக்குச் சந்தனம் வைக்க முடியாதே! அதனால் இந்தப் பெண் ஒரு காலி ஃபைலைப் போட்டு அதைப் பூஜையில் வைத்திருக்கிறாள். அது இருக்கும்வரை செர்வர் கண் விழிக்காது. தசமி முடிந்ததும் எடுத்திருக்கவேண்டும், மறந்துவிட்டாள், மாட்டிக்கொள்ளாமல் மெமரி மேல் பழி போடுகிறாள். நம்ம ஊர் ஆட்களைத் தவிர வேறு யாருக்கும் இப்படி ஒரு கோளாறு வராது என்று பெருமையாகக்கூட இருந்தது.

"வேண்டாம்ங்க," என்றாள் சாய்பிரியா. "ப்ளீஸ். காப்பி எடுக்காம எதையும் தொடாதீங்க."

"புனர்பூஜை நானே பண்ணிடறேங்க," என்று சொல்லி ஃபைலை அழித்தேன்.

தொடங்கும் கட்டளை. ஒன்று, இரண்டு, மூன்று. நான்கு. ஐந்து. பத்து நொடி தாண்டியும் சாகவில்லை. வழித்துணை எழுந்துவிட்டது.

சுவரில் இருந்த பெரிய திரையில் கல்கத்தா விரிந்தது. நீலப் புள்ளிகள் ஒவ்வொன்றாக முளைத்தன, ஐம்பது, நூறு, இருநூறு. அத்தனை நீலத்துக்கு நடுவில் ஒரே ஒரு புள்ளி சிவப்பு. ஆற்றுக்கு அந்தப் பக்கம், ஹவுராவில், பட்டறைகள் நெருக்கிக்கொண்டு நிற்கும் ஒரு சந்தில் அது இருந்தது.

கைதட்டுவார்கள் என்று திரும்பிப் பார்த்தேன். ஸ்ரீநிவாஸ் எது தன் மனைவியின் புள்ளி என்று என்னைக் கேட்கவில்லை. அவள் உயிரோடு இருக்கிறாளா, குழந்தை கூட இருக்குமா என்றும் கேட்கவில்லை. தன் ஃபோனில் அதே வரைபடத்தைத் திறந்து, நேராக அந்தச் சிவப்பைப் பெரிதாக்கி, தெருப் பெயரைப் படித்தார்.

"எந்த மாடி?" என்றார்.

"மாடியெல்லாம் காட்டாதுங்க."

"பரவால்ல." கார் சாவியை எடுத்துக்கொண்டார். "நான் போய்க் கூட்டிட்டு வரேன். திரும்பி வர்ற வரைக்கும் யாரும் கிளம்பவேண்டாம். இது நின்னுடாம பாத்துக்கங்க."

கண்ணாடிக் கதவு மூடியது. லிஃப்ட் இறங்கும் ஓசை கேட்டது. எந்த மாடி என்ற அந்தக் கேள்வி மட்டும் என் காதிலேயே நின்றது. ஏன் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

தீதிக்குப் புரிந்திருந்தது. "சிபி, அந்த ஃபைலை எப்போ வெச்சிருக்கா?"

"அதை அழிச்சுட்டனேங்க."

"அழிக்கறதுக்கு முன்னாடி தேதி பாத்தியா இல்லியா?"

பார்த்திருந்தேன். "சப்தமி. காலைல ஏழு பத்து."

"ஆயுத பூஜை நவமிக்கு. இந்த மெஷினை மட்டும் ரெண்டு நாள் முன்னாடியே ஏன் பூஜைல வெக்கணும்? இன்னும் என்ன பாத்த? ஒண்ணு விடாம சொல்லு."

"சப்தமியில இருந்து யாரோ தொடங்கு பட்டனை அமுக்கிட்டே இருந்திருக்காங்க. நவமி அன்னிக்கு மட்டும் நாப்பத்தோரு தடவை." பதிவில் இருந்த பெயர் அப்போதுதான் உறைத்தது. "ஸ்ரீநிவாஸ் சாரோட லேப்டாப்ல இருந்து."

"பென்சிலைத் தொடாத மனுஷன்," என்றார் தீதி. "பொண்டாட்டி காணாமப் போனது தசமி சாயங்காலம்னு நம்மகிட்ட சொன்னான். சப்தமியே தேட ஆரம்பிச்சுட்டான். காணாமப் போறதுக்கு மூணு நாள் முன்னாடியே தேடற புருஷன் எந்த ஊர்ல இருக்கான்? சாய்பிரியா, அவ சப்தமி அன்னிக்கே போயிட்டா, இல்லையா? காணாமப் போகல. தப்பிச்சுப் போயிருக்கா."

சாய்பிரியா தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்ன காரியம் பண்ணிட்டீங்க," என்றாள். என்னைப் பார்த்துத்தான் சொன்னாள். "அஞ்சு நாளா மறைச்சு வெச்சிருந்தேன். அஞ்சு நிமிஷத்துல காட்டிக் குடுத்துட்டீங்களே. ஜூலைல மஹிமா அக்காவுக்குக் கை உடைஞ்சுது. பாத்ரூம்ல வழுக்கினதா எல்லார்கிட்டயும் சொன்னாரு. போன மாசம் பாப்பாவைப் பால்கனிக் கம்பி மேல உக்கார வெச்சு, இனிமே நீ வாசல் தாண்டினா கையை விட்டுருவேன்னு சொன்னாராம். ஆறாவது மாடி."

எந்த மாடி.

"எங்ககிட்ட ஏம்மா சொல்லல?" என்று கேட்டார் தீதி.

"நீங்க அவர் கூட்டிட்டு வந்தவங்க. யாரைன்னு நம்பறது?"

நியாயமான கேள்வி. நான் விசைப்பலகைக்குப் பாய்ந்தேன். செயலியை நிறுத்திவிடவேண்டும், அது ஒன்றுதான் தோன்றியது. தீதி என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"இடம் தெரிஞ்சுண்டுதான் போயிருக்கான். இப்போ நிறுத்தினா என்ன லாபம்? முதல்ல அவளுக்குச் சொல்லணும். ஃபோன் போடு சாய்பிரியா."

போட முடியாது. மஹிமாவின் சிம் கார்டைக் கழற்றியாயிற்று. வாட்ஸப்பையும் எடுத்தாயிற்று, ஏனென்றால் அதில் வருவதை எல்லாம் ஸ்ரீநிவாஸ் தன் லேப்டாப்பில் படித்துக்கொண்டிருந்தார். வழித்துணையை மட்டும் எடுக்க முடியவில்லை. எடுத்தால் அந்த நிமிடமே அவருக்குத் தகவல் போகும்படி செய்து வைத்திருந்தார். அதனால்தான் அதை இங்கே செர்வரில் தூங்கவைத்திருந்தாள். அவர்கள் ஒளிந்திருந்த அறையின் வைஃபையில் குழந்தை கார்ட்டூன் பார்ப்பதற்கு மட்டும் அந்த ஃபோன். அறையைக் கொடுத்த வீட்டுக்காரர் பூஜைக்கு மேதினிப்பூர் போயிருக்கிறார், அவர் எண்ணும் எடுக்கவில்லை. தினமும் சாயங்காலம் சாய்பிரியா நேரில் போய்ப் பார்த்துவிட்டு வருவாளாம்.

"இந்த ஃபோனால உங்களுக்கு ஒரு ஆபத்தும் வராதுன்னு நான்தான் மேடம் சொன்னேன்," என்று அழுதாள்.

தீதி அதற்குள் தன் ஃபோனில் பெங்காலியில் பேசிக்கொண்டிருந்தார். ஹவுராவில் அவருக்குத் தெரிந்த பெண் சப் இன்ஸ்பெக்டர். விலாசம் கொடுத்தார், கெஞ்சினார், அதட்டினார். வைத்துவிட்டுச் சொன்னார்: "ஆள் அனுப்பறா. ஆனா பாதிப் பேர் சிலை கரைக்கற விசர்ஜன பந்தோபஸ்துல இருக்கா. முக்கால் மணி, ஒரு மணி நேரம் ஆகலாம்."

திரையில் ஒரு வெள்ளைப் புள்ளி நியூ டவுனைத் தாண்டிக்கொண்டிருந்தது. அலுவலக வண்டிகளும் வரைபடத்தில் தெரியும். ஸ்ரீநிவாஸின் கார். அவர் போய்ச் சேரவும் ஏறக்குறைய அதே முக்கால் மணிதான்.

"செர்வர்ல இருந்து அவங்க ஃபோன் திரையில ஒரு வரி காட்ட முடியும்," என்றாள் சாய்பிரியா கண்ணைத் துடைத்துக்கொண்டு. "ஆபத்துன்னா டிரைவருக்கும் பொண்ணுங்களுக்கும் அனுப்பறது. கூடவே சங்கு ஊதற சத்தம் வரும். ஆனா செயலி ஓடிட்டு இருந்தாத்தான் போகும்."

அதாவது, மூன்று நொடிகூட உயிரோடு இருக்கக்கூடாத அந்தப் பெட்டி இப்போது சாகக்கூடாது.

"ஓடட்டும்," என்றார் தீதி. "அந்தச் சிவப்புப் புள்ளியும் அங்கயே இருக்கட்டும். ஃபோன் அங்க, அவ வேற எங்கயாவது. அவன் புள்ளியைத் தேடிண்டு போகட்டும்."

சாய்பிரியா வேகமாக அடித்தாள்: அக்கா, ஃபோனை அங்கேயே விட்டுட்டு உடனே கிளம்புங்க.

அனுப்பப் போனவளைத் தீதி தடுத்தார். "இரு. அவளா இருந்து யோசி. புருஷனோட செயலி, அஞ்சு நாளா செத்துக் கிடந்தது, திடீர்னு சங்கு ஊதி வெளியில வான்னு கூப்பிடறது. வருவாளா? கதவைத் தாழ்போட்டுண்டு குழந்தையை அணைச்சுண்டு உள்ளயே உக்காந்துடுவா."

அது முழுக்க உண்மை.

"அவனுக்குத் தெரியாதது, உங்க ரெண்டு பேருக்கு மட்டும் தெரிஞ்சது ஏதாவது சொல்லு. சீக்கிரம்."

சாய்பிரியா உதட்டைக் கடித்துக்கொண்டாள். வெள்ளைப் புள்ளி உல்டாடாங்காவை நெருங்கியது.

"செருப்பு," என்றாள். "சப்தமி அன்னிக்குக் கீழ வாசல்ல அக்காவோட செருப்பு வார் அறுந்துடுச்சு. என்னோட நீல ஹவாய் செருப்பைக் கழட்டிக் குடுத்தேன். நான் வெறுங்காலோட வீட்டுக்குப் போனேன். ஏதோ வேண்டுதல்னு நெனச்சு ஆட்டோக்காரர் காசுகூட வாங்கல."

அழித்துவிட்டு மறுபடி எழுதினாள்: அக்கா, என் நீலச் செருப்பைப் போட்டுக்கிட்டு பாப்பாவோட இறங்குங்க. ஃபோன் கட்டில்லயே இருக்கட்டும். அவர் வர்றார். படித்துறைக்குப் போய் முதல் லாஞ்சுல ஏறுங்க. சாய்.

அனுப்பினாள். ஹவுராவில் எங்கேயோ ஒரு சந்தில், கார்ட்டூனுக்கு நடுவில், இந்நேரம் சங்கு ஊதியிருக்கும்.

படித்தால் திரையில் ஒரு டிக் விழவேண்டும். விழவில்லை. ஒரு நிமிடம். மூன்று நிமிடம். மறுபடி அனுப்பினாள். நான் எத்தனையோ தடவை எத்தனையோ திரைகளை வெறித்துப் பார்த்திருக்கிறேன், அப்படிச் சாமி கும்பிட்டுக்கொண்டு பார்த்ததில்லை. ஏழாவது நிமிடத்தில் டிக் விழுந்தது.

"படிச்சுட்டாங்க!" என்று கத்தினேன்.

"யாரு படிச்சா?" என்றாள் சாய்பிரியா. "பாப்பாகூட விரலால தள்ளி விட்டிருக்கலாம். கார்ட்டூனை மறைச்சா அது அப்படித்தான் பண்ணும்."

சிவப்புப் புள்ளி நகரவில்லை. ஃபோனை வைத்துவிட்டுப் போயிருந்தாலும் நகராது. ஒன்றுமே தெரியாமல் அவள் அங்கே துணி மடித்துக்கொண்டிருந்தாலும் நகராது.

ஹவுரா பாலத்துக்கு முன்னால் வெள்ளைப் புள்ளி நின்றது. ஏதோ ஒரு பேட்டையின் துர்கை ஆற்றுக்குப் போய்க்கொண்டிருந்திருக்கவேண்டும், ஊர்வலத்தில் கார் மாட்டிக்கொண்டது. பதினோரு நிமிடம். அந்தப் பதினோரு நிமிடமும் நான் அந்த அம்மனுக்கு என்னென்னவோ நேர்ந்துகொண்டேன். பிறகு புள்ளி அசைந்தது, பாலம் ஏறியது, இறங்கியது, பட்டறைச் சந்துக்குள் திரும்பியது.

வெள்ளை சிவப்பின் பக்கத்தில் போய் நின்றது.

சாய்பிரியா துப்பட்டாவைப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தாள். தீதியின் கை என் தோளை விடாமல் பிடித்திருந்தது. பதினேழு பிணங்களை எழுப்பிய கை. எனக்குப் பயமாக இருந்தது. வெறும் பயம், சுத்தமான பயம். நான் தொட்ட ஒரு ஃபைலால் ஒரு குழந்தை மாடியிலிருந்து விழப்போகிறது என்ற பயம்.

தீதியின் ஃபோன் அடித்தது. ஸ்ரீநிவாஸ். ஸ்பீக்கரில் போட்டார்.

"ஃபோன் கட்டில் மேல கிடக்கு மேடம்," என்றது அந்த அமைதியான குரல். "கார்ட்டூன் ஓடிட்டிருக்கு. டம்ளர்ல பால் இன்னும் சூடா இருக்கு. அவ எங்க?"

சாய்பிரியா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எனக்கெப்படித் தெரியும்?" என்றார் தீதி.

"உங்களுக்குத் தெரியாது. சாய்பிரியாவுக்குத் தெரியும். அவகிட்ட சொல்லுங்க மேடம், அவ புள்ளியும் என் ஃபோன்ல இருக்கு. இப்ப உங்க பக்கத்துலதான் நிக்கிறா. சாயங்காலம் எந்தத் தெரு வழியாப் போவா, எந்த வாசல்ல நிப்பா, எல்லாம் எனக்குத் தெரியும். அவ மட்டும் இல்ல. இருநூறு பேரும் தெரியும்."

அவர் சொன்னது உண்மை. சுவர்த் திரையில் அந்த இருநூறு நீலப் புள்ளிகளும் ஊர் முழுக்க நகர்ந்துகொண்டிருந்தன. பஸ்ஸில், ஆட்டோவில், அடுப்பங்கரையில். ஒருத்திக்கும் இது தெரியாது.

தீதி சாய்பிரியாவைப் பார்த்தார். அவள் தலையை ஆட்டினாள். "நிறுத்துங்க," என்றாள் என்னிடம். "அஞ்சு நாளா எல்லாரையும் நான் ஃபோன் பண்ணித்தான் வீடு சேந்தாச்சான்னு கேட்டுட்டிருக்கேன். இன்னிக்கும் கேக்கறேன்."

நிறுத்தினேன். அத்தனை புள்ளிகளும் ஒரே நேரத்தில் அணைந்தன.

"ஹலோ?" என்றார் ஸ்ரீநிவாஸ். "என்ன ஆச்சு? மேப் எங்க? மேடம், மேப் எங்க?" முதல் தடவையாக அந்தக் குரல் உயர்ந்தது. "ஆன் பண்ணச் சொல்லுங்க அவனை. ஏய்!"

அவருக்குப் பின்னால் படிக்கட்டில் பூட்ஸ் சத்தம் கேட்டது. "பேதோரே கே?" என்று ஒரு பெண் குரல் அதட்டியது. உள்ளே யார் என்று கேட்கும் குரல். கேட்டுவிட்டுத் திரும்பிப் போகிற குரலாகத் தெரியவில்லை. இணைப்பு அறுந்தது.

இருபது நிமிடம் கழித்துத்தான் மஹிமா சாய்பிரியாவை அழைத்தாள், படித்துறையில் டிக்கெட் கொடுப்பவரின் ஃபோனிலிருந்து. சாய்பிரியா அழுகையும் சிரிப்புமாக ஃபோனைத் தீதியிடம் நீட்டினாள். மஹிமா இந்தக் கரையில் இறங்கிவிட்டாள், குழந்தை அவள் இடுப்பில் தூங்குகிறது. அங்கேயே நில்லும்மா, நாங்கள் வருகிறோம் என்றார் தீதி. ஸ்ரீநிவாஸை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள் என்பதையும், அவள் வந்து ஒரு புகார் எழுதிக் கொடுக்கவேண்டும் என்பதையும் சொன்னார்.

ஸ்பீக்கரில் மஹிமா கேட்டாள்.

"அஞ்சு நாளா கண்டுபிடிக்க முடியாம இருந்தாரே. இன்னிக்கு எப்படிங்க கண்டுபிடிச்சார்?"

சாய்பிரியா என்னைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தீதி ஃபோனை என் கையில் வைத்தார்.

"நான்தாங்க காட்டிக் குடுத்தேன்," என்றேன்.